கழுத்தெலும்பும் பரிசுத்த ஆவியும்

ஓசெல்லா டிப்ஸுக்கு ஆவி இறங்கியது பெல்லமி கடையின் கறிப் பகுதியில். அப்போது அவள் கையில் பன்றிக் கழுத்தெலும்பு ஒரு பொட்டலம் இருந்தது. ஹார்ப்பர்ஸ் லேண்டிங் ஊரில் இந்தக் கதையைச் சிரிக்காமல் சொல்லத் தெரிந்த ஆள் கிடையாது. ஓசெல்லாவும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் அவள் சிரிப்பு பாதியில் நின்றுவிடும், அதை யாரும் கவனித்ததில்லை.

அவள் பிறந்த க்ரென்ஷா வீட்டில் எல்லோருக்கும் ஆவி வரும். அவள் அப்பா பாஸ்டர் லூஷியஸ் க்ரென்ஷா, நேபோ மலை சபையின் மேய்ப்பர். பிரசங்கம் சூடு பிடித்தால் மனிதர் பீடத்திலிருந்து ஒரே தாவலில் கீழே குதிப்பார். பெஞ்சுகளுக்கு நடுவே வாசல் வரைக்கும் ஓடி, திரும்பி வந்து, விட்ட வசனத்தை விட்ட இடத்திலிருந்து பிடிப்பார். ஆர்கன்காரன் அவர் காலைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும், தாளைப் பார்த்தால் தொலைந்தான். அக்கா வெர்டெல் சுழலுவாள். அவள் தொப்பி எந்த வரிசையில் போய் விழும் என்று பின் பெஞ்சுப் பையன்களுக்குள் பந்தயமே உண்டு. அம்மா இருந்த காலத்தில் அவள் உட்கார்ந்த இடத்திலேயே உடம்பு நடுங்க நடுங்க அழுவாள். அந்த வீட்டில் ஆவி வராதது நாய்க்கு மட்டும்தான் என்று ஊரில் சொல்வார்கள். நாய்க்கும் ஓசெல்லாவுக்கும்.

அவள் முயற்சி பண்ணாமல் இல்லை. உபவாசம் இருந்து பார்த்தாள், தலைவலி வந்தது. முன் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள், அப்பாவின் எச்சில் தெறித்தது. சின்ன வயதில் ஒரு ஈஸ்டர் அன்று நடித்தும் பார்த்துவிட்டாள். கையைத் தூக்கி, கண்ணை மூடி, இரண்டு சுற்றுச் சுற்றி மெதுவாகச் சரிந்தாள். வீட்டுக்குப் போனதும் வெர்டெல் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

"ஏண்டி, விழறதுக்கு முன்னாடி திரும்பி இடம் இருக்கான்னு பாத்தியே, அது எந்த ஆவிடி? ஆவி வந்தவ எவடி பெஞ்சு எங்க இருக்குன்னு பாப்பா?"

அதோடு நடிப்பை விட்டாள். எல்லோரும் விழுகிற இடத்தில் நிற்கிறவள் ஒருத்தி தேவைதானே. அதனால் அவளை நர்ஸ் சகோதரிகளில் சேர்த்துவிட்டார்கள். இந்த நர்ஸுகளுக்கு ஊசி போடத் தெரியாது. வெள்ளை உடுப்பு, வெள்ளைக் காலுறை, தலையில் சின்னக் குல்லாய். ஆவியில் விழுகிறவர்களைத் தரையில் படுவதற்குள் பிடிப்பது, பாவாடை விலகினால் துணி போட்டு மூடுவது, கழன்ற மூக்குக் கண்ணாடியைப் பத்திரப்படுத்துவது, சவப்பெட்டிக் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த காகித விசிறியால் விசிறுவது, இவ்வளவுதான் வேலை. ஓசெல்லா இதில் கெட்டிக்காரி. யார் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று முழங்காலைப் பார்த்தே சொல்லிவிடுவாள். கல்யாணம் ஆன பிறகும் அந்த வெள்ளை உடுப்பை அவளே கஞ்சி போட்டுத் தேய்ப்பாள், புருஷனைத் தொட விடமாட்டாள். ஊரில் அவளுக்கென்று இருந்த ஒரே மரியாதை அது. விசிறிக்கொண்டே, கீழே கிடக்கிறவர்களின் முகத்தைப் பார்ப்பாள். அவர்கள் எங்கே போயிருக்கிறார்கள், நமக்கு மட்டும் ஏன் அங்கே அனுமதி இல்லை என்று நினைப்பாள். யாரிடமும் சொன்னதில்லை.

ஜனாதிபதி நிக்சன் நாற்காலியை விட்டு இறங்கின வருஷத்துக் கோடையில்தான் அந்தப் பாட்டு வந்தது. ‘தாழ்ப்பாள் போடாதே’ என்று பெயர். பாடினது தலைமுடியைத் தோள் வரை வளர்த்த ஐந்து வெள்ளைக்காரப் பையன்கள். குளிப்பார்களா மாட்டார்களா என்று ஊரே விவாதித்தது. பாட்டின் சங்கதி ஒன்றும் பெரிதில்லை. குடித்துவிட்டு நேரம் கெட்ட நேரத்தில் வருகிறவன், வழியெல்லாம் பெண்டாட்டியிடம் கெஞ்சிக்கொண்டு வருகிறான், வந்துகொண்டே இருக்கிறேன், கதவைத் தாழ் போட்டுவிடாதே என்று. முதலில் ஆர்கன் மட்டும் நீளமாக ஒரே சுரத்தில் நிற்கும். பிறகு அந்தப் பையனின் கரகரத்த குரல். மெதுவாகத்தான் போகும். கடைசியில் மட்டும், ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கிற ஏதோ ஒரு சபையின் பாடகர் குழுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து பாட வைத்திருந்தார்கள். அவர்கள் வந்து சேர்ந்ததும் பாட்டு குடிகாரன் கையை விட்டுப் போய்விடும். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் ஒரு படி மேலே ஏற்றி, கை தட்டி, ஆர்கன் பின்னால் துரத்த, அவர்கள் பாடுவதைக் கேட்டால் அந்தக் கதவை யாராலும் சாத்த முடியாது.

அந்தச் சனிக்கிழமை ஓசெல்லா கறிப் பகுதியில் நின்று பொட்டலங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கடையின் கூரையில் இருந்த ஒலிபெருக்கியில் ஏதோ பாடிக்கொண்டிருந்தது. அவள் காது கொடுக்கவில்லை. அந்தப் பெண்கள் ஆரம்பித்தார்கள்.

பிறகு நடந்ததை ஊருக்குச் சொன்னது சிஸ்டர் யூலா ப்ரூவிட். அன்றைக்கு அதே வரிசையில் முட்டை வாங்க நின்றிருந்தவள். ஊரில் செய்தித்தாள் வாரம் ஒருமுறைதான் வரும், யூலா தினமும் வருவாள். ஓசெல்லா முதலில் "ஓ" என்றாளாம். பிறகு இரண்டு கையையும் தூக்கினாளாம். பிறகு ஓடினாளாம். கறியிலிருந்து சோப்பு வரை, சோப்பிலிருந்து திரும்பிக் கறி வரை. கழுத்தெலும்பைக் கீழே போடவே இல்லை. நடுவில் கோபுரமாக அடுக்கி வைத்திருந்த பட்டாணி டப்பாக்கள் மொத்தமும் சரிந்தன. கடைசியில் மரப் பலகை போல அப்படியே பின்னால் விழுந்தாள். எங்கே விழுகிறோம் என்று திரும்பிப் பார்க்கவில்லை. கடைக்கார பெல்லமி வலிப்பு என்று நினைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். யூலாதான் முட்டைகளைக் கீழே வைத்துவிட்டு, தன் கைப்பையால் அவளுக்கு விசிறினாள்.

"மூஞ்சியைப் பாக்கணுமே," என்று யூலா வீடு வீடாகச் சொன்னாள். "நம்ம பாஸ்டர் மூஞ்சிலகூட அந்த வெளிச்சத்தை நான் பாத்ததில்ல. ஆனா பாட்டு என்ன பாட்டுங்கறீங்க? பிசாசுப் பாட்டு!"

அவள் சொன்னதில் அந்த முதல் பாதி பாஸ்டரின் காதுக்கும் போனது. போகாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புதன்கிழமை ஜெபக் கூட்டம் முடிந்ததும் ஓசெல்லாவை முன்னால் நிற்க வைத்தார்கள். விசாரணை என்று யாரும் சொல்லவில்லை. எல்லோரும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். சபைக்கு இது லேசான சிக்கல் இல்லை. வந்தது ஆவியானவர் என்றால், குடிகாரப் பாட்டுக்கு அவர் கறிக்கடைக்கு வருவார் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆவியானவர் இல்லை என்றால், வேறு எது வந்தது?

சபைப் பொறுப்பில் இருந்த டீக்கன் ஹோபர்ட் நல்ல மனிதர், தொண்டையைச் செருமினார். "பாஸ்டர், வேதத்துல சவுலைக் கர்த்தர் நடுரோட்டுலதானே பிடிச்சார்? ரோட்டுக்கு வந்தவர் கடைக்கு வரமாட்டாரா?"

"சவுல் ரோட்டுல ரேடியோ கேட்டுட்டுப் போகல," என்றார் பாஸ்டர்.

பிறகு மகளிடம் திரும்பினார். குரலைத் தணித்துக்கொண்டார். தப்பிப்பதற்கு ஒரு வழியை அவரே திறந்துவிட்டார், அதையும் சொல்லியாக வேண்டும். "அம்மா, அந்தப் பாட்டு வர்றதுக்கு முன்னாடியே நீ மனசுக்குள்ள ஜெபம் பண்ணிட்டிருந்தியா? யோசிச்சுச் சொல்லு."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லோரும் அல்லேலூயா சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஓசெல்லா யோசித்தாள்.

"இல்லப்பா. எலும்புல சதை இருக்கான்னு பாத்துட்டிருந்தேன்."

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். வெர்டெல் கையால் முகத்தை மூடிக்கொண்டாள். கடைசியில் பாஸ்டரின் தீர்ப்பு இப்படி வந்தது: வந்தது கர்த்தருடைய ஆவி என்றால், கர்த்தருடைய வீட்டிலும் வரும். இங்கே வருகிற வரைக்கும் ஓசெல்லா வெள்ளை உடுப்புப் போட வேண்டாம்.

நியாயமான தீர்ப்பு என்று எல்லோரும் தலையாட்டினார்கள். ஓசெல்லாவும் ஆட்டினாள். ஒருமுறை வந்தது மறுமுறை வராமலா போகும் என்று நினைத்தாள். உடுப்பைத் துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்து, அலமாரியில் மாட்டினாள்.

அங்கேதான் அவள் ஏமாந்தாள். அவள் புருஷன் கிளியோடிஸ் ரொட்டி வண்டி ஓட்டுகிறவன். வாயில் சோளரொட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே வேகத்தில் பேசுகிறவன். அவனே போய் அந்த இசைத்தட்டை வாங்கிக்கொண்டு வந்தான். ஜன்னலை மூடிவிட்டுப் போட்டுக் கேட்டாள். நன்றாக இருந்தது. வேறொன்றும் இல்லை. திரும்பப் போட்டாள். திரும்பத் திரும்பப் போட்டதில் ஊசிதான் தேய்ந்தது. சரி, இடம்தான் காரணமோ என்று சனிக்கிழமை தோறும் பெல்லமி கடைக்குப் போனாள், அன்றைக்குப் போட்டிருந்த அதே உடுப்பில், அதே இடத்தில், அதே பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு. பெல்லமி அவளைக் கண்டதும் பட்டாணி டப்பாக்களின் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். வீட்டில் வாரம் தவறாமல் கழுத்தெலும்புக் குழம்பு.

"ஏம்மா," என்றான் கிளியோடிஸ் ஒருநாள், "இந்தப் பன்னிகளுக்குக் கழுத்தைத் தவிர வேற உறுப்பே கெடையாதா?"

"சாப்பிட்டா சாப்பிடு, இல்லன்னா எழுந்திரு."

"சாப்பிடறேன், சாப்பிடறேன். ஆவி எனக்கு வந்துடப் போகுதேன்னு பயமா இருக்கு."

அப்புறம் ஒவ்வொருத்தராக அந்தப் பாட்டைப் பாட ஆரம்பித்தார்கள். ஒரு நல்ல பாட்டு ஊருக்கு வந்துவிட்டால் அதைச் சும்மா விடமாட்டார்கள் போலிருக்கிறது. முதலில் பெரிய தொப்பி போட்ட நாட்டுப்புறப் பாடகர் ஒருவர் பாடினார். அவர் பாடியதில் குடிகாரனுக்குச் சொந்தமாக ஒரு பண்ணையும் செத்துப்போன நாயும் இருந்தன. அடுத்து ஒருத்தி டிஸ்கோவாகப் பாடினாள், கதவைத் திறக்கச் சொல்கிறாளா மேளம் கொட்டச் சொல்கிறாளா என்று தெரியவில்லை. இதில் வேடிக்கை, ஒவ்வொரு புதுப் பாட்டு வரும்போதும் ஊரே ஓசெல்லாவைப் பார்க்கும். முடிவெட்டும் கடையின் வாசலில் அவள் வருகிற நேரம் பார்த்து ரேடியோவைச் சத்தமாக வைப்பார்கள். அவள் கம்பம் மாதிரி நடந்து போவாள். "இதுல அபிஷேக எண்ணெய் இல்லப்பா," என்று உள்ளே இருந்து தீர்ப்பு வரும். ஊரில் அவளுக்குக் கிடைத்த புது உத்தியோகம் இது. பால்மானி என்று பெயர் வைக்காததுதான் குறை.

பல் டாக்டர் வீட்டில் காத்திருந்தபோது ரேடியோவில் ஒரு சாக்ஸபோன்காரன் அதை ஊதிக்கொண்டிருந்தான். வார்த்தையே இல்லை, கதவும் இல்லை, தாழும் இல்லை, தூக்கம் மட்டும் வந்தது. யூலா வீட்டுக்கே வந்து விசாரித்தாள்.

"என்ன ஓசெல்லா, பல்லு புடுங்கும்போது ஏதாவது வந்துச்சா?"

"வந்துச்சு சிஸ்டர்."

"என்ன வந்துச்சு?"

"பல்லு."

வாய் இப்படி இருந்ததே தவிர, மனசு அப்படி இல்லை. ஒவ்வொரு முறையும், யார் பாடினாலும், முதல் ஆர்கன் சத்தம் கேட்டதும் உள்ளுக்குள் எழுந்து நிற்பாள். வா, வா என்பாள். பாட்டு முடியும். உட்கார்ந்துகொள்வாள். அன்றைக்கு வந்தது யார் என்று தெரிந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு. கர்த்தர்தான் என்றால், ஒருமுறை வந்துவிட்டு இவ்வளவு வருஷம் எட்டிப் பார்க்காமல் இருப்பாரா? கர்த்தர் இல்லை என்றால், அவள் வாழ்க்கையில் நடந்த ஒரே நல்ல விஷயம் ஒரு ஒலிபெருக்கியின் வேலையா?

அந்தப் பாட்டை முதலில் பாடின பையன்களே ஒருமுறை வந்தார்கள். அதற்குள் பையன்கள் கிழவர்களாகிவிட்டார்கள், ஐந்து பேரில் இரண்டு பேர் பாக்கி. மாவட்டத் திருவிழாவில், மாடு காட்டுகிற கொட்டகைக்குப் பக்கத்தில் மேடை. கிளியோடிஸ் பொரித்த கெளுத்தி மீன் வாங்கிக் கொடுத்து, அவளை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். பாடகருக்கு இரண்டாவது அடி மறந்துபோய்விட்டது. ஜனங்கள் எடுத்துக் கொடுத்தார்கள். தன் பாட்டையே இரவல் வாங்கி வந்தவர் மாதிரி பாடினார் மனிதர். ஓசெல்லா கையில் மீன் ஆறிப்போனது.

"வருதா?" என்று காதில் கேட்டான் கிளியோடிஸ்.

"மாட்டு நாத்தம் வருது. வா, வீட்டுக்குப் போகலாம்."

வண்டியில் ஏறினதும் அழுதாள். கிளியோடிஸ் மெதுவாக ஓட்டினான். கழுத்தெலும்பைப் பற்றி அன்றிலிருந்து அவன் கேலி பேசியதில்லை.

உண்மையான அடி அதற்கு அப்புறம்தான் விழுந்தது. பெரிய நகரத்துத் துதிப் பாடகர் ஒருவர் அந்தப் பாட்டை எடுத்து, குடிகாரனை வெளியே அனுப்பி, பெண்டாட்டி இருந்த இடத்தில் கர்த்தரை வைத்துப் பாடிவிட்டார். அதே பாட்டு, அதே ஆர்கன். இப்போது அது துதிப் பாட்டு ஆகிவிட்டது. பாஸ்டர் க்ரென்ஷா அதற்குள் ஓய்வு பெற்று முன் வரிசையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். புதிதாக வந்த இளம் பாஸ்டர் சபையின் ஆண்டு விழாவில் அதைப் பாடச் சொன்னார். எந்தப் பாட்டுக்காக ஓசெல்லாவின் வெள்ளை உடுப்பைப் பிடுங்கினார்களோ, அதை நேபோ மலையின் பாடகர் குழுவே சிவப்பு அங்கி போட்டுக்கொண்டு பாடியது.

சபை தீப்பிடித்தது. டீக்கன் ஹோபர்ட் கைத்தடியைப் போட்டுவிட்டு ஓடினார். யூலா இரண்டு பெஞ்சுக்கு நடுவில் விழுந்தாள். வெர்டெலுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது, ஆனாலும் சுழன்றாள், தொப்பி ஆர்கன் மேல் போய் உட்கார்ந்தது. நர்ஸ் சகோதரிகளுக்குக் கை போதவில்லை. ஓசெல்லா நடுவில் நின்றாள். இதுதான், இப்போதுதான், இங்கேதான் என்று நின்றாள். பாடகர் குழுப் பெண்கள் பாட்டில் ஒவ்வொரு படியாக மேலே போனார்கள். இறங்கினார்கள். பாட்டு முடிந்தது. அவளுடைய முழங்கால் துளிகூட மடங்கவில்லை.

நின்றிருந்தது அவள் ஒருத்தி. சக்கர நாற்காலியில் திரும்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார் அப்பா. சொன்னேன் பார்த்தாயா என்கிற பார்வை என்று நினைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அலமாரியில் இருந்த வெள்ளை உடுப்பைக் கிழித்துத் துடைக்கிற துணியாக்கினாள். நல்ல துணி, வெகுநாள் வந்தது.

பாஸ்டருக்குத் தொண்ணூறு தாண்டியதும் ஆற்றங்கரை முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். வெர்டெல் ஞாயிற்றுக்கிழமை வந்து உரக்க ஜெபம் பண்ணிவிட்டுப் போவாள். ஓசெல்லா தினமும் மத்தியானம் போவாள். சவரம் செய்துவிடுவாள், பீச் பழப் பணியாரம் ஊட்டுவாள். அந்தப் பேச்சை மட்டும் இருவரும் எடுப்பதில்லை.

அன்றைக்கு மத்தியானம் அவள் சவரம் செய்துகொண்டிருக்கும்போது டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு டிரக் விளம்பரம். சேற்றில் டிரக் ஏறுகிறது, பின்னால் அந்தப் பாட்டு. பாடுகிறவள் யாரோ சின்னப்பெண், மூக்கால் பாடினாள். ஓசெல்லா ரிமோட்டைத் தேடினாள்.

"விடு," என்றார் அப்பா. "பாடட்டும்."

டிரக் மலை ஏறியது. விளம்பரம் முடிந்தது.

"ஓசெல்லா. ஒண்ணு கேக்கறேன். எனக்கு நல்லபடியா ஒரு பதில் சொல்லு."

"கேளுங்கப்பா."

"அது சும்மா பாட்டுதானே? வெயில், பசி, பாட்டு நல்லா இருந்துச்சு, மயக்கம் வந்துச்சு. அவ்வளவுதானே?"

அவள் சவரக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் விசாரணையா என்று கோபம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். விசாரிக்கிற முகமாக இல்லை. கெஞ்சுகிற முகமாக இருந்தது.

"ஏம்ப்பா கேக்கறீங்க?"

பாஸ்டர் போர்வையின் ஓரத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். "எனக்கு ஒரு நாளும் வந்ததில்லம்மா."

அவளுக்குப் புரியவில்லை.

"குதிச்சேன். ஓடினேன். ஜனங்களுக்கு மேய்ப்பன் ஓடணும், இல்லன்னா ஆடு எப்படி ஓடும்? எங்கப்பா ஓடினார், நானும் ஓடினேன். குதிக்கறதுக்கு முன்னாடி கீழ ஈரம் இருக்கான்னு பாத்துட்டுத்தான் குதிப்பேன். இன்னைக்கு வரும், நாளைக்கு வரும்னு அறுபது வருஷம் பிரசங்கம் பண்ணிட்டேன். வரல." மூச்சு வாங்கினார். "அன்னைக்கு அந்த யூலா வந்து உன் மூஞ்சியைப் பத்திச் சொன்னா பாரு. அவர் உனக்குக் கறிக்கடையில வந்துட்டு, என் பீடத்துக்கு வரலன்னா, நான் என்னம்மா பண்ணிட்டிருந்தேன் அங்க? அதான் சொல்லு. சும்மா பாட்டுதானேன்னு சொல்லிடு. நான் எதையும் தவற விடலன்னு நெனச்சுட்டுப் போயிடறேன்."

ஓசெல்லாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. இந்த மனிதரா! அப்புறம் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அவருக்கு வேண்டிய பொய் சின்னப் பொய். அவளுக்கே அது பாதி உண்மை போலத் தோன்றி எவ்வளவோ நாளாயிற்று. சொன்னால் நிம்மதியாகக் கண்ணை மூடுவார். வாயைத் திறந்தும்விட்டாள். ஆனால் இவ்வளவு வருஷத்தில் எங்கே வந்தது, எதற்கு வந்தது, எந்தப் பாட்டுக்கு வந்தது என்று ஊரே கேட்டிருக்கிறது. அது எப்படி இருந்தது என்று ஒரு ஆள் கேட்டதில்லை. அவளும் தனக்குச் சொல்லிப் பார்த்ததில்லை. வாயைத் திறந்ததும் அதுதான் வந்தது.

"யாரோ என்னைப் பாத்து சந்தோஷப்பட்டாங்கப்பா," என்றாள். "நான் ஒண்ணுமே பண்ணல. ஜெபம் பண்ணல, பாடல, எலும்பு வாங்கிட்டு நின்னேன். வந்துட்டியா, வந்துட்டியான்னு அவ்வளவு சந்தோஷம். எனக்காக இவ்வளவு நாளா வாசல்லயே நின்னுட்டிருந்த மாதிரி. கை லேசாச்சு. கால் லேசாச்சு. வெக்கமே இல்லப்பா. டப்பா விழுந்துச்சு, அதுவும் நல்லா இருந்துச்சு. பெல்லமி மூஞ்சி நல்லா இருந்துச்சு. அந்த யூலாகூட நல்லா இருந்தா." சொல்லச் சொல்ல அவளுக்கே தெரிந்துபோனது. "அவர்தாம்ப்பா. வேற யாரு அப்படி வருவாங்க?"

பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். மூடின கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி, பாதி சவரம் செய்த கன்னத்தின் நுரையில் போய்க் கலந்தது. அவரைக் கொன்றுவிட்டோமோ என்று பயந்து, அவள் விசிற ஏதாவது கிடைக்குமா என்று சுற்றிப் பார்த்தாள்.

"உன் உடுப்பை நான் கழட்ட வச்சேன்," என்றார்.

"ஆமா, வச்சீங்க."

"தப்பு."

"ஆமா, தப்பு."

கொஞ்ச நேரம் டிவியில் யாரோ யாரையோ ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள். அப்பா கண்ணைத் திறந்தார். "அதைப் பாடு."

"எனக்கு எங்கப்பா பாட வருது?"

"தெரியும். கேட்டிருக்கேன். பரவால்ல, பாடு."

ஓசெல்லா பாடினாள். நாட்டுப்புறக்காரர், டிஸ்கோக்காரி, சாக்ஸபோன்காரன், டிரக் விற்கிற சின்னப்பெண், இத்தனை பேரும் அந்தப் பாட்டுக்குச் செய்த அநியாயத்தை எல்லாம் ஒரே மூச்சில் மிஞ்சினாள். ஆர்கன் சத்தத்தையும் அவளே வாயால் போட்டுக்கொண்டாள். நாற்பது பெண்கள் பாடுகிற இடத்தை ஒரே ஆளாக, படிக்குப் படி சுருதி இறங்கி, பாடி முடித்தாள். வராந்தாவில் போன வேலைக்காரப் பெண் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

இருவரும் அசையாமல் இருந்தார்கள். அப்பா கையைக் கொஞ்சம் தூக்கி, உள்ளங்கையை மேலே பார்த்து வைத்திருந்தார்.

"ஏதாவது?" என்று மெல்லக் கேட்டார்.

"இல்லப்பா. உங்களுக்கு?"

"ஒண்ணும் இல்ல."

முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. கிழவருக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்தது, அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள், தடவிக்கொண்டே அவளும் சிரித்தாள். இருமல் அடங்கியதும் அவர் கையைத் திரும்ப அதே மாதிரி, அதே இடத்தில் வைத்துக்கொண்டார்.

"சரி," என்றார். "மொதல்ல இருந்து பாடு."